ஃப்ரிட்ஜிலிருந்து கசிந்த கேஸ் எங்கே போகிறது?

பழைய ஃப்ரிட்ஜின் பின்பக்கம், கம்ப்ரசர் மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உள்ளே இருக்கும் கேஸின் பெயர் ‘ஆர்-12’ அல்லது ‘ஆர்-134ஏ’ என்று போட்டிருக்கும். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, “கேஸ் லீக் ஆயிருச்சு சார், ஏத்தணும்” என்பார். எவ்வளவு ஆகும் என்று கேட்போம். போன கேஸ் என்ன ஆனது என்று கேட்கத் தோன்றாது. அது போன வழியைப் பார்ப்போம்.

முதலில் ஆர்-12. நடுவில் ஒரு கார்பன் அணு, அதைச் சுற்றி இரண்டு குளோரின், இரண்டு ஃபுளோரின். அவ்வளவுதான் மூலக்கூறு. தீப்பிடிக்காது, தண்ணீரில் அநேகமாகக் கரையாது. அதனால் மழையாலும் அதைக் கழுவி இறக்க முடியாது.

நாம் வெளியேற்றும் பெரும்பாலான வாயுக்களைக் காற்றே சுத்தம் செய்துவிடுகிறது. அந்த வேலையைச் செய்வது ஹைட்ராக்சில்: ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு. வெயில் ஓசோனை உடைக்கும்போது தெறிக்கும் ஆக்சிஜன் அணு, நீராவியோடு மோதி இதை உண்டாக்குகிறது. காற்றில் ஏறத்தாழ 25 லட்சம் கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. அதன் ஆயுளும் சுமார் ஒரு வினாடிதான். ஆனால் அந்த ஒரு வினாடிக்குள் எதிரில் வரும் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கித் தண்ணீராகிவிடும். ஹைட்ரஜனை இழந்த மூலக்கூறு அப்புறம் தாக்குப்பிடிக்காது.

ஆர்-12-இல் பிடுங்குவதற்கு ஹைட்ரஜனே இல்லை. ஹைட்ராக்சிலால் அதைத் தொட முடியாது. ஆகவே அது ஆண்டுக்கணக்கில் காற்றோடு அலைந்து, வெப்பமண்டலப் பகுதிகளில் மேலெழும் காற்றோடு மெல்ல ஓசோன் படலம் வரை ஏறுகிறது. கீழே நம்மை எட்டாத கடுமையான புற ஊதாக் கதிர் அங்கேதான் அதைப் பிளக்கிறது. கார்பன்-ஃபுளோரின் பிணைப்பைவிட கார்பன்-குளோரின் பிணைப்பு பலவீனமானது என்பதால் முதலில் கழன்று விழுவது குளோரின். வளிமண்டலத்தில் ஆர்-12-இன் சராசரி ஆயுள் ஏறத்தாழ 100 ஆண்டுகள்.

கழன்ற குளோரின் ஓசோனிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பறிக்கிறது. பிறகு அதை இன்னோர் ஆக்சிஜன் அணுவிடம் விட்டுவிட்டு, அடுத்த ஓசோனைத் தேடிப் போகிறது. இப்படி ஒரே குளோரின் அணு பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழித்த பிறகுதான் ஹைட்ரஜன் குளோரைடாக மாறி, கீழே இறங்கி, மழையில் கரைகிறது. இதை 1974-இல் கலிஃபோர்னியாவில் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். 1985-இல் அன்டார்க்டிகாவின் ஓசோன் ஓட்டை பற்றிய அறிக்கை வந்தது. 1987-இல், ஓசோனை அழிக்கும் இத்தகைய வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அடுத்து வேதியியலாளர்கள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. மூலக்கூறில் வேண்டுமென்றே ஹைட்ரஜனை வைத்தார்கள், ஹைட்ராக்சில் பிடித்து இழுக்க ஒரு கைப்பிடி போல. ஆர்-134ஏ அப்படி வந்ததுதான். அதில் குளோரின் கிடையாது, ஹைட்ரஜன் இரண்டு உண்டு. ஆயுள் சுமார் 14 ஆண்டுகளாகக் குறைந்தது. (புவியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது என்பது தனிப் பிரச்சினை. 2016-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குக் கிகாலி திருத்தம் வந்தது அதற்காகத்தான்.)

அது உடைவதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஹைட்ராக்சில் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. காலியான இடத்தில் காற்றின் ஆக்சிஜன் வந்து ஒட்டுகிறது. நைட்ரிக் ஆக்சைடு அதில் ஓர் ஆக்சிஜனைக் கழற்றிக்கொண்டு போகிறது. இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்றில் இரு கார்பன்களும் பிரிந்து, கடைசியில் கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் ஃபுளோரைடுமாக முடிகின்றன. மற்றதில் கார்பன்கள் பிரிவதில்லை. ஃபுளோரின்களைச் சுமந்த துண்டு அப்படியே மேகத் துளிக்குள் புகுந்து, தண்ணீரோடு வினைபுரிந்து, ட்ரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம் ஆகிறது. சுருக்கமாக டி.எஃப்.ஏ. ஆர்-134ஏ-இல் 7 முதல் 20 சதவீதம் வரை இப்படி ஆகிறது.

இப்போது புதிய கார் ஏ.சி.களில் ஆர்-1234ஒய்எஃப் வருகிறது. அதன் கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு ஒன்று உண்டு. ஹைட்ராக்சில் நேராக அதில் போய் ஒட்டிக்கொள்வதால் இரண்டு வாரத்துக்குள் உடைந்துவிடுகிறது. காலநிலைக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் உடைவது ஏறக்குறைய முழுவதும் டி.எஃப்.ஏ ஆகிறது. வேகமாக உடைவதை மட்டும் பார்த்து ஒரு கேஸை நல்லது என்று சொல்லிவிடக் கூடாது என்பது என் கருத்து. என்னவாக உடைகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

டி.எஃப்.ஏ மழையோடு இறங்கி மண்ணுக்கும் ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் போகிறது. வெயிலும் நுண்ணுயிர்களும் அதை எளிதில் சிதைப்பதில்லை. ஆறுகள் கொண்டுவந்து சேர்த்தால் கடல் அதை வெகுவாக நீர்க்கச் செய்துவிடும். வெளியேற வழியில்லாத ஏரிகளில் நிலைமை வேறு. அங்கே தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பைப் போலவே டி.எஃப்.ஏ-யும் பின்தங்கி, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே வருகிறது.