வாழ்க்கைப் பிடிப்பும் கைப்பிடியும்

"வாழ்க்கையில் பிடிப்பு இல்லாதவர்களுக்கு வயதான காலத்தில் உடம்பும் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்கிறார்களே, மனசுக்கும் தசைக்கும் என்ன தொடர்பு?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தொடர்பு உண்டு. அமெரிக்காவில் ஐம்பது வயதைத் தாண்டிய சுமார் 20,000 பேரை 1992 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விசாரித்து வருகிறார்கள். தினசரி வேலைகள் அற்பமாகத் தோன்றுகின்றனவா, எதிர்காலத் திட்டம் போடுவது பிடிக்குமா என்றெல்லாம் கேட்டு, பதில்களுக்கு மதிப்பெண் தருகிறார்கள். தொடக்கத்தில் கைப்பிடி வலுவும் நடைவேகமும் நன்றாக இருந்தவர்களை நான்கு ஆண்டுகள் கழித்து அளந்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். பிடிப்பு கூடுதலாக இருந்தவர்களில் இரண்டுமே குறைவாகத்தான் தளர்ந்திருந்தன. மற்ற காரணங்களையும் கணக்கில் சேர்த்ததும் கைப்பிடித் தொடர்பு மெலிந்தது, நடைவேகத் தொடர்பு நின்றது.

காலில் அப்படி என்ன நடக்கிறது? இங்கேதான் அழகான விஷயம் இருக்கிறது. தண்டுவடத்தில் உள்ள ஒவ்வோர் இயக்க நரம்புசெல்லும் பல நூறு தசைநார்களை, அதாவது தசையை உருவாக்கும் நுண்ணிய இழைகளை, ஆள்கிறது. இவற்றில் வேகமாகச் சுருங்கும் வேக நார், மெதுவாகச் சுருங்கும் மெதுவான நார் என இரு வகை. அறுபதுக்கு மேல் இந்தச் செல்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. ஆளில்லாமல் போன நார்களை நோக்கிப் பக்கத்து நரம்பு புதுக் கிளை விட்டு, அவற்றைத் தத்தெடுத்துக்கொள்கிறது. யாரும் எடுக்காத நார் வாடிச் சாகிறது. வேக நாரை மெதுவான நரம்பு தத்தெடுத்தால், அந்த நாரும் மெதுவான வகையாக மாறிவிடும். இடறும்போது சட்டென்று காலை முன்வைத்துச் சமாளிக்க வேக நார்தான் வேண்டும். இளமையில் இரு வகை நார்களும் சதுரங்கப் பலகை போலக் கலந்து கிடக்கும். ஆயுள் முழுக்க உடற்பயிற்சி செய்த முதியவர்களின் தசைத்துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரே வகை நார்கள் கொத்துக் கொத்தாகத் தெரிகின்றன. ஏராளமான நார்கள் தத்தெடுக்கப்பட்டுப் பிழைத்ததன் தடயம் அது.

அசையாமல் இருந்தால் நேர்மாறு. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்த ஆய்வில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ கொழுப்பில்லாத் திசு கரைந்தது. செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருப்பவர் நாற்காலியை விட்டு எழுகிறார். உடலசைவைப் பதிவு செய்யும் இயக்கமானி என்ற கருவியைப் பொருத்தி அளந்தபோதும் பிடிப்பு உள்ளவர்கள் கூடுதலாக நடமாடுவதுதான் தெரிந்தது. இது ஒன்றுதான் வழி என்று சொல்லமாட்டேன், ஆனால் மிகத் தெளிவான வழி இதுதான். நல்லதையே நினைத்தால் செல்கள் புதுப்பிறவி எடுக்கும் என்று காசு வாங்கிக்கொண்டு போதிப்பவர்களை நம்பாதீர்கள். இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே மனிதர்களைப் பின்தொடரும் ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்காமல் இத்தகைய கேள்விகளுக்கு விடை கிடைக்காது.

உங்கள் கால்களை வீட்டிலேயே சோதிக்கலாம். கைதாங்கி இல்லாத, சாதாரண உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இல்லையென்றால் அது பின்னால் நழுவும். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாழ்ந்த சோபாவில் செய்தால் நேரம் கூடும், தொடையில் கை ஊன்றினால் குறையும், இரண்டுமே தப்புக் கணக்கு. நடைக்கு 6 மீட்டர் குறித்து, கோட்டுக்கு இரண்டடி முன்பிருந்தே வழக்கமான வேகத்தில் நடக்கத் தொடங்குங்கள். நொடிக்கு 1 மீட்டருக்குக் குறைந்தால் தசைத்தேய்வைச் சந்தேகிக்கலாம் என்பது ஆசிய நாடுகளுக்காக 2019இல் வகுத்த அளவுகோல்.

இதே எழுந்து உட்காருவதைப் பயிற்சியாகச் செய்பவர்கள் மூன்று எண்ணும் வரை மெதுவாக உட்கார்ந்து, எழும்போது விரைவாக எழ வேண்டும். அப்போதுதான் வேக நார்களுக்கு வேலை வரும்.