பிமினி டாப் வாங்கும்போது நூலைப் பற்றிக் கேளுங்கள்

மயாமி பக்கம் கடலில் போகிற சின்ன மோட்டார் படகுகளைப் பார்த்திருந்தால், தலைக்கு மேலே ஒரு துணிப் பந்தல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வளைத்த உலோகக் குழாய்கள் இரண்டு மூன்று, அவற்றின் மேல் விறைப்பாக இழுத்துக் கட்டிய துணி, முன்னும் பின்னும் பிடித்து நிறுத்த நாடா போன்ற வார்கள், அவ்வளவுதான். வேண்டாத நேரத்தில் மடக்கிச் சாய்த்துவிடலாம். இதற்குப் பெயர் பிமினி டாப். மயாமிக்குக் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கும் பஹாமாஸின் பிமினித் தீவுகளின் பெயர்தான் இதற்கும். வாங்கப் போகிறவர்கள் நிறம் பார்க்கிறார்கள், குழாயின் பளபளப்பைப் பார்க்கிறார்கள், விலையில் பேரம் பேசுகிறார்கள், எந்த நூலில் தைத்தீர்கள் என்று கேட்கிறவர்கள் குறைவு. நல்ல துணியில் தைத்த பந்தலில் பெரும்பாலும் முதலில் போவது அந்த நூல்தான்.

ஏன் என்று புரிய, வெயில் இந்த இழைகளை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அக்ரிலிக், பாலியஸ்டர், நைலான் எல்லாமே நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். சங்கிலியில் கார்பனும் கார்பனும் சேரும் பிணைப்பு ஒன்றை அறுக்க மோலுக்கு ஏறக்குறைய 350 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஊதா ஓரத்தில், 400 நானோமீட்டர் அலைநீளத்தில், அதே கணக்கில் கிடைப்பது சுமார் 300 கிலோஜூல். பற்றாது. 300 நானோமீட்டர் புற ஊதாக் கதிருக்கு வந்தால் அது 400 கிலோஜூலாகிவிடுகிறது. தரைக்கு வந்து சேரும் சூரிய ஒளியில் இந்த அளவு வலுவான கதிர் மிகக் கொஞ்சம்தான், ஆனால் வருடம் முழுக்க வெயிலில் கிடக்கிற துணிக்கு அந்தக் கொஞ்சமே போதும். சங்கிலி துண்டு துண்டாகிறது, ஆக்ஸிஜனும் சேர்ந்துகொள்கிறது, இழை நொறுங்க ஆரம்பிக்கிறது.

ஆனால் ஆற்றல் மட்டும் போதாது, இழை அந்தக் கதிரை உறிஞ்சவும் வேண்டும். உறிஞ்சாமல் விட்டுவிட்டால் சேதமில்லை. பாலியஸ்டரின் மூலக்கூறு சுமார் 315 நானோமீட்டருக்குக் கீழே உள்ள கதிரை நன்றாக உறிஞ்சும். அக்ரிலிக் இழையின் மூலக்கூறு அந்தப் பகுதியில் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. வெயிலில் அக்ரிலிக் வருடக்கணக்கில் தாக்குப்பிடிப்பதன் முக்கியக் காரணம் இதுதான், மற்றபடி அது பாலியஸ்டரை விட வலுவான இழை ஒன்றும் கிடையாது.

சாயத்தின் கதை தனி. சாதாரணத் துணியில் நெய்த பிறகோ நூலாக இருக்கும்போதோ சாயம் ஏற்றுவார்கள். படகுப் பந்தலுக்கான நல்ல அக்ரிலிக்கில், இழை உருவாவதற்கு முன்பே, பாலிமர் இன்னும் கரைசலாக இருக்கும்போதே நிறமியைக் கலந்துவிடுகிறார்கள், அதனால் இழையின் குறுக்குவெட்டு முழுக்க அதே நிறம் இருக்கும், வெளுக்க ரொம்ப நாள் ஆகும், பிளீச் பட்டாலும் போகாது. அமெரிக்காவில் வட கரோலினாவைச் சேர்ந்த கிளென் ரேவன் நிறுவனம் 1961இல் கொண்டுவந்த சன்பிரெல்லா இந்த வகை. படகுக்காரர்கள் இந்தப் பெயரைப் பொதுப்பெயர் போலவே சொல்வார்கள், அது வேறு விஷயம்.

அப்போ எல்லோரும் அக்ரிலிக்கே வாங்கிவிடலாமா? உரசல் அதற்கு ஆகாது. குழாயின் மூட்டு, ஏரியல் கம்பி, மீன்தூண்டில் எதாவது ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் ஓட்டை விழும், அந்த இடங்களில் ஒட்டுத்துணி வைத்துத் தைக்கச் சொல்வது நல்லது. கொஞ்சம் நெகிழவும் செய்யும். பாலியஸ்டர் எளிதில் நெகிழாது, கிழியாது, விலையும் குறைவு. வருடத்தில் சில மாதம் மட்டும் படகை இறக்கி மற்ற நேரம் கொட்டகையில் வைக்கிறவருக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. வினைல் பூசிய துணி மழையைச் சொட்டு விடாமல் நிறுத்தும், ஆனால் காற்றும் போகாது, மடக்கி வைத்தால் உள்ளே புழுங்கும். வினைலை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் வெயிலில் மெல்ல வெளியேறிவிடுவதால் சில வருடத்தில் விறைத்து மடிப்புகளில் வெடிக்கும். கொசுவிரட்டி மருந்தில் இருக்கும் டீட் வினைலைக் கரைக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. தடவிய கையோடு அதைத் தொடாதீர்கள்.

சரி, நூலுக்கு வருவோம். தையலுக்கு வலு வேண்டும், அக்ரிலிக்கில் அது கிடைக்காது, அதனால் அக்ரிலிக் துணியையும் பாலியஸ்டர் நூலால்தான் பொதுவாகத் தைக்கிறார்கள். அதாவது வெயிலைத் தாங்கும் துணியை, அந்த அளவுக்குத் தாங்காத நூல் பிடித்துக்கொண்டிருக்கிறது. போதாததற்குத் தையல் துணிக்கு மேலே புடைத்து நிற்கிறது, கதிர் நேராக அதன் மேல் விழுகிறது, உரசலும் முதலில் அதற்குத்தான். பாலியஸ்டர் நூலே எடுப்பதென்றால் தடிமனானதாகவும் அடர் நிறத்திலும் எடுங்கள். கதிரின் சேதம் வெளிப்புறத்தில்தான் அதிகம், தடித்த நூலில் உள்ளே நல்ல இழை மிச்சம் இருக்கும். கறுப்பு நூலில் இருக்கும் கார்பன் நிறமி கதிரைத் தானே உறிஞ்சி இழையைக் காப்பாற்றும். அழகுக்காக வெள்ளை நூல் கேட்டால் அதற்கான விலையைப் பின்னால் கொடுப்பீர்கள்.

இன்னொரு வழி, நான்-ஸ்டிக் வாணலியில் பூசுகிற அதே பிடிஎஃப்இ. 1938இல் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள். இதில் கார்பனைச் சுற்றி ஃபுளோரின் அணுக்கள். அந்தப் பிணைப்பை அறுக்க மோலுக்கு ஏறக்குறைய 485 கிலோஜூல் வேண்டும், வெயிலில் வரும் கதிரால் முடியாது, தவிர இந்தப் பொருள் அந்தக் கதிரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். டெனாரா என்ற பெயரில் கோர் நிறுவனம் விற்பது இந்த வகை நூல். பாலியஸ்டரை விடப் பல மடங்கு விலை, வழுக்குவதால் தைப்பவருக்குத் தொல்லை. ஆனால் ஃபுளோரிடா மாதிரி வருடம் முழுக்க வெயில் காயும் இடத்தில், பந்தலைக் கழற்றி மறுபடி எல்லாத் தையலையும் போடுகிற கூலியை நினைத்தால் இது செலவே இல்லை.

நிறத்துக்கு அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. வெளிர் நிறம் குறைவாகச் சூடாகும், ஆனால் ஒளியை அதிகம் உள்ளே விடும். அடர் நிறம் ஒளியை நன்றாக மறைக்கும், தான் சூடாகிக் கீழே கொஞ்சம் வெப்பம் வீசும், படகு ஓடும்போது காற்று அதை ஆற்றிவிடும். இதை விடப் பெரிய விஷயம் பந்தலின் நீளமும் உயரமும். மயாமி ஏறக்குறைய 26 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஜூனில் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர்மேலே, பந்தலின் நிழல் நேர்கீழே விழும். டிசம்பர் 21 வாக்கில் நடுப்பகல் சூரியனே 41 டிகிரிக்கு மேல் ஏறாது. தளத்திலிருந்து 1.9 மீட்டர் உயரத்தில் இருக்கும் பந்தலின் நிழல், தளத்தில் 2 மீட்டருக்கும் மேல் வடக்கே தள்ளிப்போய் விழும், அதாவது சின்னப் படகில் பாதி நிழல் கடலுக்குத்தான். உயரமாக வைத்தால் நின்றுகொண்டு ஓட்டலாம், தாழ்வாக வைத்தால் நிழல் உங்களோடு இருக்கும், இரண்டும் சேர்ந்து கிடைக்காது. பக்கவாட்டில் ஜிப் போட்டு மாட்டுகிற திரை இதற்காகத்தான்.

நிழலில் உட்கார்ந்திருந்தும் தோல் கறுத்துவிட்டதே என்று குழம்புகிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. காற்று மூலக்கூறுகள் குறைந்த அலைநீள ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கின்றன, வானம் நீலமாக இருப்பதன் காரணம். புற ஊதா இன்னும் அதிகம் சிதறும், அதனால் சூரியனைத் துணி மறைத்தாலும் பக்கவாட்டில் தெரிகிற வானத்திலிருந்து அது வந்துகொண்டே இருக்கும். சன்ஸ்கிரீனை வீட்டில் விட்டு வராதீர்கள்.

பந்தல் என்பது காற்றுக்கு ஒரு பாய்மரமும்தான். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியில் ஏறும். 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகக் காற்று 5 சதுர மீட்டர் துணியில் நேராக மோதினால் தோராயமாக 32 கிலோ எடை தொங்குவது போன்ற விசை. 40 நாட் என்றால் 130 கிலோ. படகை டிரெய்லரில் ஏற்றி நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துப்போகும்போது பந்தலை விரித்தே விட்டால் 230 கிலோவுக்கு மேல். துணி கிழியாவிட்டால் குழாய் வளையும்.

குழாயில் அலுமினியம் லேசு, மலிவு. கடல்நீருக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறுதி, மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். சிக்கல் இரண்டும் சேரும் இடத்தில். அலுமினியக் குழாயில் ஸ்டெயின்லெஸ் திருகு போட்டு, நடுவே உப்புத்தண்ணீர் தங்கினால் அது ஒரு சின்ன மின்கலம் ஆகிவிடும், கரைவது அலுமினியம். திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான். நைலான் வாஷர் வைத்து, திருகில் அதற்கான பசையைத் தடவி இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும்.

பராமரிப்பில் முக்கியமானது உப்பையும் அழுக்கையும் தங்கவிடாமல் நல்ல தண்ணீரில் அடிக்கடி அலசுவது. பூஞ்சை அக்ரிலிக்கைத் தின்னாது, அதன் மேல் ஒட்டியிருக்கும் மகரந்தம், பறவை எச்சம், தூசி ஆகியவற்றைத் தின்று வளரும். ஈரத்தோடு மடித்து உறையில் போட்டால் அதற்குக் கொண்டாட்டம். கறை விழுந்துவிட்டால், சாயம் கரைசலிலேயே கலந்த அக்ரிலிக் துணிக்கு மட்டும், ஒரு கேலன் (3.8 லிட்டர்) தண்ணீரில் ஒரு கப் பிளீச், கால் கப் மென்மையான சோப்பு கலந்து தெளித்து, 15 நிமிடத்துக்கு மேல் விடாமல், மெதுவான தூரிகையால் தேய்த்து நன்றாக அலச வேண்டும். சுடுதண்ணீர் வேண்டாம், துணி சுருங்கும். மற்றத் துணிகளில் பிளீச்சை முதலில் ஓர் ஓரத்தில் போட்டுப் பார்க்காமல் தொடாதீர்கள்.

புதுத் துணியில் தண்ணீர் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடுவதற்குக் காரணம் மேலே இருக்கும் ஒரு மெல்லிய பூச்சு. நெசவின் இடைவெளிக்குள் தண்ணீர் இறங்காமல் அது தடுக்கிறது, துணி காற்றையும் விடும். சோப்பு மிச்சம் இருந்தால் அது தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடும், தண்ணீர் உருளாமல் ஊறும். துணி ஒழுகுகிறது என்று புதுப்பூச்சு வாங்குவதற்கு முன் ஒருமுறை நன்றாக அலசிப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் பூச்சு தெளிக்கும் வேளை வந்துவிட்டது. நடுவே குழி விழுந்து தண்ணீர் தேங்கினால் வாரை இறுக்குங்கள், ஒரு சதுர மீட்டரில் 2 செ.மீ. தண்ணீர் நின்றாலே 20 கிலோ.

தையலைச் சோதிப்பது சுலபம், விரல் நகத்தால் அழுத்திச் சுரண்டினால் போதும். நூல் பொடியாக உதிர்ந்தாலோ அறுந்தாலோ துணி கிழியும்வரை காத்திருக்காமல் மறுதையல் போட்டுவிட வேண்டும். ஃபுளோரிடாவில் இதை மே மாதத்துக்குள் முடிப்பது நல்லது. அட்லாண்டிக்கின் சூறாவளிப் பருவம் ஜூன் 1இல் தொடங்கி நவம்பர் 30 வரை போகும், எச்சரிக்கை வந்தால் பந்தலை மடித்து உறை போட்டு விடுவது பற்றாது, துணியை முழுதாகக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.