கிரிட்: கட்டமா, கட்டவலையா?

மதுரையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்க உட்காருபவரிடம் ‘கிரிட் போட்டுக்கோ’ என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் தாளை நாலு பெட்டியாக்கி, நாலையும் நிரப்பிவிடுவார். கிரிட் என்பது பக்கத்தில் எதை எங்கே வைப்பது என்று காட்டும் குறுக்கு நெடுக்குக் கோடுகளின் அமைப்பு. அதைப் பெட்டி என்று எடுத்துக்கொள்வதால் வரும் கோளாறு இது.

லத்தீனில் ‘கிராதிஸ்’ என்றால் பின்னிய படல். நாம் வேலிக்கு வைப்போமே, அந்த வகைதான். அதன் சிறுவடிவம் இறைச்சி சுடும் கம்பித்தட்டுக்குப் பெயராகி, ஆங்கிலத்தில் ‘கிரிடயர்ன்’ ஆனது. 19ஆம் நூற்றாண்டில் வால் அறுந்து ‘கிரிட்’ என்று நின்றது. அதே வேர் போர்த்துகீசியச் சொல் வழியாகத் தமிழுக்கும் வந்திருக்கிறது: நம் வீட்டு வாசலில் நிற்கும் கிராதி. ஆக, இரண்டும் பங்காளிகள்.

சுவிட்சர்லாந்தில் 1950களில் ஜோசப் முல்லர்-புரோக்மான் முதலான வடிவமைப்பாளர்கள் தாளைக் கணக்காகப் பிரித்துச் சுவரொட்டிகள் செய்தார்கள். இன்றைய இதழ்ப் பக்கமும் கைபேசித் திரையும் அந்தப் பழக்கத்தின் வாரிசுகள்.

ஏ4 தாளில் போட்டுப் பார்க்கலாம். அகலம் 210 மி.மீ. இரு பக்க ஓரமும் 15 மி.மீ. விட்டால் மீதி 180. ஆறு பத்தி (மேலிருந்து கீழாக ஓடும் பட்டை), ஒவ்வொன்றும் 25. ஐந்து இடுக்கு, ஒவ்வொன்றும் 6. கணக்கு சரியாகிவிடும். எழுத்து 10 புள்ளி (‘பாயிண்ட்’ என்னும் எழுத்தளவு) என்றால் வரிக்கு வரி 15 புள்ளி வையுங்கள். ரோமன் எழுத்துக்குப் போதுகிற 12ஐ வைத்தால், மேல் வரியின் ‘கு’, ‘ழு’ வால்கள் கீழ் வரியின் ‘கி’, ‘தீ’ கொக்கிகளில் இடிக்கும். 25 மி.மீ. பத்தியில் ‘அழைக்கப்பட்டிருக்கிறார்கள்’ அடங்காது. மூன்று பத்திகளைச் சேர்த்து 87 மி.மீ. ஆக்குங்கள். ஒற்றைப் பத்தியில் இரு ஓரமும் சமமாக இழுத்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும்; தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு இது எளிதில் நேரும்.

இதில் பத்தியும் இடுக்கும் அளவுகோல் மட்டுமே. எதை எங்கே தொடங்குவது என்று சொல்லுமே தவிர, எல்லாவற்றையும் நிரப்பச் சொல்லாது. கோலம் போடுபவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை’ என்றால் நடு வரிசையில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8. மொத்தம் 169 புள்ளி. சிக்குக் கோலத்தின் கம்பி புள்ளிகளைச் சுற்றி ஓடும், அவற்றின் மேல் ஏறாது. முதல் வரிசை கோணினால் கடைசியில் கம்பி ஒன்று சேராது. சுங்குடியிலும் புள்ளிதான் கணக்கு: துணியைக் கிள்ளி நூலால் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள், கட்டு தளர்ந்தால் சாயம் புகுந்து புள்ளி கலங்கிவிடும்.

மதுரைத் தெருக்களை கிரிட் என்று சொல்வதுண்டு. அது அவ்வளவு பொருந்தாது. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி ஆகியவை கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்தவை.

தமிழில் என்ன சொல்வது? ராசிக் கட்டம், பாண்டிக் கட்டம் என்று பழகிய காதில் ‘கட்டம்’ ஒரு பெட்டியைத்தான் குறிக்கும். போதாக்குறைக்கு ‘அடுத்த கட்டம்’ வேறு. எனவே ஒற்றைப் பெட்டிக்குக் கட்டம், முழு அமைப்புக்குக் கட்டவலை என்று பிரித்துக்கொள்வது நல்லது. கிராதி உறவுக்காரச் சொல்தான், ஆனால் கேட்டதும் இரும்புக்கம்பிதான் நினைவுக்கு வருகிறது. மின்சாரத்தில் வரும் கிரிட்டுக்கு ‘மின்தொகுப்பு’ ஏற்கெனவே இருக்கிறது. அதை இங்கே இழுக்க வேண்டாம்.