ரோபோ மூட்டுக்குள் ஒரு வண்டிமை

வண்டிமை செய்யும் பக்குவம் செட்டிநாட்டுப் பெரியவர்கள் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சில் தடவுவார்கள். வெறும் எண்ணெய் ஒழுகிப் போய்விடும். கரி அதைப் பிடித்து நிறுத்தும். காரைக்குடியில் பொறியியல் முடித்துவிட்டு, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கார் ஆலைகளில் பராமரிப்பு வேலைக்குச் சேரும் பிள்ளைகள் கையாளும் ரோபோ கிரீஸும் அடிப்படையில் இதுதான்.

கிரீஸில் பெரும்பங்கு எண்ணெய். லித்தியம் சோப்பு போன்ற ஒரு கெட்டிப்பொருள் நுண்ணிய இழைகளாகப் பின்னி, அந்த எண்ணெயைத் தனக்குள் தேக்கி வைத்திருக்கிறது. மூட்டுக்குள் சுழலும் கியர் பற்கள் அழுத்தும்போது எண்ணெய் கசிந்து, உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே மெல்லிய படலமாகிறது. ரோபோ கை முன்னும் பின்னும் சிறு தூரம் அசைந்து, சட்டென்று நின்று, மறுபடி கிளம்புகிறது. நிற்கும் கணத்தில் படலம் அறுந்துபோகும். அப்போது கைகொடுக்கத்தான் மாலிப்டினம் கலந்த சேர்மங்களைச் சேர்க்கிறார்கள். அவை உலோகப் பரப்பின் மேல் காப்புப் பூச்சாகப் படிகின்றன.

மூட்டுக்குள் இருக்கும் வேகக்குறைப்புப் பெட்டியில் பற்கள் தேய்ந்தால் என்ன ஆகும்? ஒரு பாகையை 60 பங்காக்கி, அதில் ஒரு பங்கு ஆட்டம் மூட்டில் விழுந்தால்கூட, 2 மீட்டர் நீளக் கையின் நுனி அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும். வெல்டிங் வைக்க வேண்டிய இடம் தவறிப்போக அதுவே போதும்.

கிரீஸின் கெட்டித்தன்மையை அளக்க, 25 டிகிரி செல்சியஸில் ஒரு கூம்பை அதன்மேல் இறக்கி, 5 விநாடியில் எவ்வளவு ஆழம் புதைகிறது என்று பார்க்கிறார்கள். கெட்டித்தன்மைத் தர வரிசையில் 2-ஆம் தரமான, சாதாரண பேரிங்குக்குப் போடும் கிரீஸில் 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கும். ரோபோ கியர்களில் பரவலாகப் பயன்படும் 00 தரத்தில் 40 மில்லிமீட்டரைத் தாண்டும். அவ்வளவு இளக்கமாக இருந்தால்தான் பற்களின் இடுக்கெல்லாம் திரும்பத் திரும்ப வழிந்து சேரும். கடையில் கிடைக்கும் கெட்டி கிரீஸை அடைத்தால், பல் ஒருமுறை ஒதுக்கிய இடத்துக்கு அது திரும்பி வராது.

வேறு வகை கிரீஸைக் கலப்பது அதைவிடக் கெடுதல். லித்தியம் சோப்பும், இன்னொரு கெட்டிப்பொருளான பாலியூரியாவும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. இழைப்பின்னல் குலைந்து, எண்ணெய் பிரிந்து, எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் வழியாகச் சொட்டத் தொடங்கும்.

பழைய கிரீஸை மாற்றும் வேலையில் கைப்பக்குவம் வேண்டும். முதலில் பழைய கிரீஸ் வெளியேறும் பக்கத்து அடைப்பான பிளக்கைத் திறக்க வேண்டும். அதை மூடியபடி கிரீஸ் கன்னை அழுத்தினால் உள்ளழுத்தம் ஏறி ஆயில் சீல் பிதுங்கிவிடும். கறுத்த பழைய கிரீஸ் மெல்ல வெளியே வரும். அதில் கொஞ்சம் எடுத்து இரும்புத்தூள் எவ்வளவு என்று சோதித்தால், பற்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது பெட்டியைப் பிரிக்காமலே தெரியும். இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்களை என்னால் ஏற்கவே முடியவில்லை. புதிய கிரீஸின் நிறம் வரும்வரை செலுத்திவிட்டு, பிளக்கைத் திறந்தே வைத்து மூட்டைச் சிறிது நேரம் அசைக்க வேண்டும். மிகுதி வழிந்து, உள்ளழுத்தம் தணிந்த பிறகே பிளக்கை மூடலாம்.