லிப்ஸ்பீக்கர்: உதட்டசைவு உரைப்பாளர்

காது கேளாத ஒருவருக்காக இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்கள் ஏற்பாடு செய்யும் உதவியாளர்களில் மூன்று வகையினர் உண்டு. சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவர். பேச்சை உடனுக்குடன் தட்டச்சு செய்து திரையில் காட்டுபவர் இன்னொருவர். மூன்றாமவர் லிப்ஸ்பீக்கர். இவர் காது கேட்பவர், இந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்றவர். நீதிபதியோ வழக்கறிஞரோ பேசும்போது ஓரிரு சொல் பின்னால் வந்து, அதையே குரல் இல்லாமல் தெளிவான வாயசைவில் திரும்பச் சொல்வார். சைகைமொழி அறியாமல், எதிரில் பேசுபவரின் வாயைப் பார்த்தே புரிந்துகொள்பவர்களுக்கான ஏற்பாடு இது. பெரியவரான பிறகு செவித்திறன் போனவர்கள் பலரும் இப்படித்தான்.

லிப் என்றால் உதடு, ஸ்பீக்கர் என்றால் பேசுபவர். எல்லாரும் உதட்டை அசைத்துத்தானே பேசுகிறோம் என்று கேட்கத் தோன்றும். லிப்ரீடர் என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்தால்தான் இதன் பொருள் விளங்கும். லிப்ரீடர் வாயசைவைப் படிப்பவர். லிப்ஸ்பீக்கர் அவர் படிப்பதற்காக வாயசைப்பவர். அமெரிக்கச் சட்ட விதிகள் இதே பணியாளரை ஓரல் டிரான்ஸ்லிட்டரேட்டர் என்கின்றன.

நீதிமன்றச் செய்திகளில் இவ்விரண்டு சொற்களும் குழம்புவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒலி பதிவாகாத கண்காணிப்புக் கேமராக் காட்சியைப் பார்த்து, அதில் இருப்பவர் என்ன பேசினார் என்று சாட்சி சொல்லும் நிபுணரும் லிப்ரீடர்தான். அத்தகைய சாட்சியத்தை ஏற்கலாம், ஆனால் அது தவறக்கூடும் என்று ஜூரிகளை எச்சரிக்க வேண்டும் என இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் லட்ரெல் வழக்கில் சொன்னது. அந்த நிபுணர் தருவது சாட்சியம். லிப்ஸ்பீக்கர் எந்தத் தரப்புக்கும் சாட்சி இல்லை. சட்ட ஆலோசனை சொல்வதும், புரியாததை விளக்குவதும் அவர் வேலை இல்லை.

உதட்டில் ஏன் எல்லாம் தெரிவதில்லை என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறப்பவை என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்திருக்கிறது. பிறப்பிடம் ஒன்று என்றால் கண்ணுக்குத் தெரியும் வடிவமும் ஒன்றுதான். பணம், மணம், படம், மடம், பாடு, மாடு. குரலை அணைத்துவிட்டால் இந்த இணைகளில் எது எது என்று சொல்ல முடியாது. வலி, வளி, வழி மூன்றுக்கும் நாக்கு வாய்க்குள்ளேயே வேலையை முடித்துவிடுகிறது. ககரம் தொண்டைப் பக்கம் ஒளிந்துகொள்கிறது. இதழ் ஒட்டாமலும் குவியாமலும் பாடும் நிரோட்டகச் செய்யுளை வாயசைவில் படிக்கச் சொன்னால் தேர்ந்தவரும் கையை விரித்துவிடுவார். ஆங்கிலத்தில் பேட், மேட் இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஃபிஃப்டீனுக்கும் ஃபிஃப்டிக்கும் வேறுபாடு மிகச் சிறிது. 15 பவுண்டா 50 பவுண்டா என்பது வழக்கின் முடிவையே மாற்றக்கூடியது.

லிப்ஸ்பீக்கர் இந்த இடைவெளியை வாயை அகலத் திறந்து நிரப்புவதில்லை. மிகைப்படுத்தினால் உதட்டின் வடிவம் கெட்டு, இருந்த புரிதலும் போய்விடும். பேச்சின் இயல்பான தாளத்தையும் அழுத்தத்தையும் காப்பாற்றுவார். கேள்வியா, கிண்டலா, அதட்டலா என்பதை முகத்தில் காட்டுவார். ஒன்றுபோல் தெரியும் சொல் வந்தால், கேட்டுக்கொண்டவர்களுக்கு அதன் முதல் எழுத்தை விரலால் காட்டுவார். எண்களையும் விரலாலோ தாளில் எழுதியோ உறுதிப்படுத்துவார். பேச்சு மிக வேகமாக ஓடும்போது சுருக்கிச் சொல்வதும் இந்தப் பணியில் உண்டு. கூட்டங்களில் அது பரவாயில்லை, குறுக்கு விசாரணையில் ஆபத்து. கேள்வியின் சொல்லமைப்பே அங்கே பொறி என்பதால், சுருக்க நேர்ந்தால் நீதிபதியிடம் சொல்லி வேகத்தைக் குறைக்கச் செய்வதே முறை.

பாதி வெற்றி உட்காரும் இடத்தில். ஒன்றரை மீட்டர் அளவு தூரத்தில், நேருக்கு நேராக, கேள்வி கேட்பவரும் அதே பார்வைக்கோட்டில் தெரியும்படி லிப்ஸ்பீக்கர் அமர வேண்டும். வெளிச்சம் அவர் முகத்தில் விழ வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் நிழலாகிவிடும். குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தால், விளக்கின் பிரதிபலிப்பு சரியாக வாயை மறைக்கும் இடத்தில் விழுகிறதா என்று விசாரணை தொடங்குமுன் அவர் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். காணொலி விசாரணையில் படம் ஒரு கணம் உறைந்தால் ஒரு சொல் போச்சு. காது கேட்பவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை, ஏனெனில் ஒலி தடையின்றி வந்துகொண்டிருக்கும்.

ஆட்களின் பெயர், ஊர், குற்றச்சாட்டின் வாசகம், உறுதிமொழியின் வாசகம் இவற்றை முந்தைய நாளே லிப்ஸ்பீக்கரிடம் கொடுத்துவிட வேண்டும். முன்பின் அறியாத பெயரை உதட்டில் யாராலும் ஊகிக்க முடியாது. அரை மணிக்கு ஒருமுறையாவது இடைவேளை தேவை. நாள் முழுக்க நடக்கும் விசாரணைக்கு இரண்டு பேர் மாறி மாறிச் செய்வார்கள். களைப்பு வாயசைப்பவருக்கு மட்டுமல்ல, பார்ப்பவருக்கும்தான். களைத்தவர் தலையாட்டத் தொடங்குவார். ‘புரிகிறதா?’ என்ற கேள்விக்கு வரும் அந்தத் தலையாட்டலைச் சம்மதமாகப் பதிவு செய்வதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் கேடு. ‘நான் என்ன கேட்டேன், சொல்லுங்கள்’ என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

ஜூரி அறையில் மட்டும் நிலைமை வேறு. 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் காது கேளாத ஜூரிக்காக அந்த மூடிய அறைக்குள் வெளியாள் ஒருவரை அனுமதித்தது. ஆனால் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுவது பிரிட்டிஷ் சைகைமொழி பெயர்ப்பாளரை மட்டுமே.

தமிழில் என்ன சொல்வது? மொழிபெயர்ப்பாளர் என்பது பொருந்தாது, மொழி மாறுவதில்லை. உதட்டுப் பேச்சாளர் என்றால் மேடைப் பேச்சாளர் நினைவு வரும், ‘உதட்டளவில் பேசுபவர்’ என்ற ஏளனமும் ஒட்டிக்கொள்ளும். இதழுரையாளர் அழகான சொல்தான், ஆனால் பத்திரிகைக்காரரான இதழாளரோடு குழம்பும். உதட்டசைவு உரைப்பாளர் என்பதே எங்கள் தேர்வு. லிப்ரீடிங்குக்கு உதட்டசைவு வாசிப்பு என்று வைத்தால் இரண்டும் இணையாக நிற்கும்.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 125ஆம் பிரிவு பேச இயலாத சாட்சியைப் பற்றியது. உதட்டசைவு வாசிப்பவர் பலர் நன்றாகவே பேசுவார்கள். அவர்களால் முடியாதது கேட்பது. ஆகவே இந்த உதவியைக் கேட்டு நீதிமன்றத்துக்கு எழுதும் மனுவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 12ஆம் பிரிவைக் காட்டுவது பொருத்தம். அவரவர் விரும்பும் மொழியிலும் தொடர்பு முறையிலும் சாட்சியம் பதிவாவதற்கான வசதிகளை அது பேசுகிறது. பணிப்பெயரை மட்டும் எழுதினால் எழுத்தர் சைகைமொழி பெயர்ப்பாளரை வரவழைத்துவிடக்கூடும். ‘எனக்குச் சைகைமொழி தெரியாது. பேசப்படுவதை அதே மொழியில், குரலின்றி, தெளிவான வாயசைவில் எனக்கு எதிரே அமர்ந்து திரும்பச் சொல்பவர் வேண்டும்’ என்று வேலையையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.