குளோன் போலி அல்ல, போத்து

போன ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் அக்கா வீட்டில் இருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து அவள் மகன் தமிழில் குரல் கொடுத்த ஒரு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து சூப்பர்ஹீரோக்கள். வில்லன் அவர்களைப் பிடித்து நிலத்தடியில் அடைக்கிறான். அவர்கள் உடம்பிலிருந்து எடுத்த உயிரணுவை வைத்து வேறு ஐந்து பேரை வளர்த்து ஊருக்குள் அனுப்புகிறான். முகம் அதே, குரல் அதே, பலமும் அதே. ஊர் அவர்களுக்கு மாலை போடுகிறது. விஷயம் தெரிந்த ஒரே ஒரு சிறுமி மாடியில் ஏறி நின்று "அவர்கள் போலிகள்!" என்று கத்துகிறாள். பத்து நிமிடம் போனதும் அதே ஐந்து பேர் "நகல்கள்" ஆனார்கள். கடைசியில் "தீய இரட்டையர்கள்".

பையன் என் பக்கம் திரும்பினான். "மாமா, போலின்னா டூப்ளிகேட்டுதானே? டூப்ளிகேட்டுன்னா அவன் எப்டி அதே மாதிரி லாரிய தூக்குறான்?"

பத்து வயதுப் பிள்ளைக்குத் தோன்றிய கேள்வி, வசனம் எழுதியவருக்குத் தோன்றவில்லை. இப்படி ஓர் உயிரிலிருந்தே எடுத்து வளர்க்கும் அதே மரபணு உள்ள இன்னோர் உயிர்தான் குளோன். அதைப் போலி என்று சொல்வதை இந்த ஒரு வருடத்தில் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். செய்தியில், விளம்பரத்தில், பட்டிமன்றத்தில்கூட. இனியும் சும்மா இருக்க மனம் வரவில்லை.

சொல்லின் பிறப்பு எளிது. கிரேக்கத்தில் 'குளோன்' என்றால் சிறு கிளை, குச்சி. 1903-இல் ஹெர்பர்ட் வெப்பர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், விதை இல்லாமல் கிளை, கிழங்கு, ஒட்டு வழியாகப் பெருக்கிய செடிகளைக் குறிக்க அதை எடுத்தாண்டார். செடிக்கு வைத்த பெயர் பிறகு நுண்ணுயிருக்குப் போனது, விலங்குக்குப் போனது. 1996 ஜூலை 5-இல் ஸ்காட்லாந்தில் டாலி என்ற ஆட்டுக்குட்டி குளோனாகப் பிறந்து, மறு ஆண்டு அது செய்தியானபோது உலகத்தின் வாய்க்கெல்லாம் வந்தது. கதைக்காரர்கள் கையில் அது வில்லனின் ஆயுதமானது. ஆனால் அடிவேர் கிளைதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் போலி. 'போல்' என்பதிலிருந்து வந்த நல்ல தமிழ்ச்சொல் அது. அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தவறான இடத்தில் வேலைக்கு வைக்கிறார்கள் என்பதே வருத்தம். இன்று நாம் போலி மருத்துவர் என்கிறோம், போலிச் சான்றிதழ் என்கிறோம். போலி மருத்துவருக்கு வைத்தியம் தெரியாது. போலிச் சான்றிதழில் பெயர் போட்டிருக்கும் கல்லூரி அதைக் கொடுக்கவே இல்லை. வெளியே பார்க்க அது; உள்ளே அது இல்லை. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். மேலே நல்ல தோல் மாதிரி பளபளக்கும், நகத்தால் கீறினால் வெறும் பூச்சு உரியும், மூன்று மாதத்தில் முன்பக்கம் வாயைப் பிளக்கும். அதைத்தான் அவர்கள் டூப்ளிகேட் என்பார்கள். போலி என்ற சொல்லின் உயிர் அங்கே இருக்கிறது: சோதித்தால் பிடிபடும், பயன்படுத்தினால் தோற்கும்.

குளோன் சோதித்தால் பிடிபடாது. ரத்தம் எடுத்துப் பார், அதே மரபணு. லாரியைத் தூக்கச் சொல், தூக்கும். அந்தக் கதையின் பயங்கரமே அங்கேதான் இருக்கிறது. வந்தவன் போலியாக இருந்தால் முதல் சண்டையிலேயே தோற்று அம்பலமாவான், கதை அரை மணி நேரத்தில் முடியும். அவன் உடம்பால் முழுக்க உண்மையானவன் என்பதால்தான் ஊரே ஏமாறுகிறது. 'போலிகள்' என்று மொழிபெயர்த்தவர் அந்தப் பயத்தின் கழுத்தையே நெரித்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளியில் படித்த இலக்கணத்தில் போலி உண்டே, நினைவிருக்கிறதா? அகம் என்பது அகன் ஆகும், மயல் என்பது மையல் ஆகும், ஐந்து அஞ்சு ஆகும். எழுத்து மாறும், பொருள் மாறாது, அதுதான் போலி. இந்தக் கதையில் நடப்பது நேர் எதிர். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, பொருள் தலைகீழாகிவிட்டது. இலக்கணம் தெரிந்த ஒருவர் இந்த இடத்தில் போலி என்று எழுதக் கை கூசியிருப்பார்.

அடுத்தது நகல். இதற்கு ஆதரவாளர் அதிகம். நகலாக்கம் என்றே அறிவியல் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். நகல் அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல், அதனால் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் காரணத்தை நான் ஏற்கமாட்டேன். நவாப் ஆண்ட ஆற்காட்டுச் சீமையில் பிறந்தவன் நான். அசலும் நகலும் வசூலும் ஜப்தியும் எங்கள் பாட்டிமார் புழங்கிய சொற்கள். அசல் என்பதும் அரபிதான், அங்கே அதற்கு வேர் என்று பொருள். எங்கிருந்து வந்தது என்பதற்காக ஒரு சொல்லை வெளியே தள்ளச் சொல்லும் ஆள் நான் இல்லை.

என் மறுப்பு வேறு. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு நாள் நின்று பாருங்கள். நகல் என்ற சொல் அங்கே என்ன வேலை செய்கிறது என்று தெரியும். பட்டா நகல், பத்திர நகல், அதில் 'உண்மை நகல்' என்று ஒரு முத்திரை. நகல் என்பது முடிந்துபோன ஒன்றைப் பார்த்து எடுப்பது. எடுத்த நொடியில் அது முழுசாக இருக்கும், அதற்குமேல் வளராது. அசலில் ஓரம் கிழிந்திருந்தால் நகலிலும் அந்தக் கிழிசல் விழும். குளோன் அப்படியா? டாலி ஆறு வயது ஆட்டின் மடிச் செல்லிலிருந்து வந்தது. ஆறு வயது ஆடாகவா வந்தது? குட்டியாகப் பிறந்து, பால் குடித்து, வளர்ந்தது. 277 முட்டைகளில் முயன்று கிடைத்த ஒரே குட்டி அது. கிழவனுடைய செல்லை எடுத்தாலும் குழந்தைதான் பிறக்கும். அவன் காலில் இருந்த தழும்பு வராது, அவன் படித்த பாடம் வராது. நகல் என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள், ஜெராக்ஸ் மெஷினில் ஒரு பக்கம் ஆளை விட்டால் மறுபக்கம் இன்னோர் ஆள் வருவான் என்றே நினைக்கிறார்கள். கார்ட்டூனில் கண்ணாடித் தொட்டியிலிருந்து வளர்ந்த ஆளாகவே வெளியே வருகிறான். அது கதைக்காரர் எடுத்துக்கொண்ட உரிமை. நாமும் சொல்லால் அதற்கு ஒத்து ஊத வேண்டுமா?

படியாக்கம் என்பவர்களும் உண்டு. படி என்றால் பிரதி என்ற பொருள் பழசுதான். ஆனால் "தீய படிகள் வருகின்றன" என்று ஒரு சிறுமி கத்தினால் யாருக்கு என்ன புரியும்? மாடிப்படியா, அளக்கிற படியா? இரட்டையர் என்பது சினிமா பார்த்துப் பார்த்து வந்த பழக்கம், ஒரே நடிகர் இரண்டு வேடம். ஒரே கரு பிளந்து பிறக்கும் இரட்டையர் இயற்கை எடுத்த குளோன் என்பது அறிவியலில் சரியே. ஆனாலும் இரட்டையரில் ஒருவர் இன்னொருவரிலிருந்து வந்தவர் இல்லை. இருவரும் ஒரே வயிற்றில் சமமாகக் கிடந்தவர்கள். குளோனுக்கு ஒரு தாய்மரம் உண்டு.

தாய்மரம் என்றேனே, அங்கேதான் நம் சொல் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை இருந்தது. காய் நீளமில்லை, ஆனால் சதை இனிக்கும். சாம்பாரில் போட்டால் தெரு முழுக்க மணக்கும். ஆடிக்காற்றில் கிளை முறிந்தால் யாராவது ஓர் அத்தை வாசலில் வந்து நிற்பார்: "ஒரு போத்து குடு தம்பி, எங்கூட்டாண்ட நடறேன்." அப்பா மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையாகப் பார்த்து, ஆள் இடுப்பளவுக்கு வெட்டுவார். வெட்டிய மேல்முனையில் பசுஞ்சாணியை உருட்டி அப்புவார், தண்ணீர் இறங்கி அழுகாமலும் வெயிலில் காயாமலும் இருக்க. அடிமுனையைச் சாய்வாகச் சீவித் தருவார். ஓரிரு வாரத்தில் சாணிக்குக் கீழே பட்டை புடைத்துக்கொண்டு பச்சைப் புள்ளியாகத் துளிர் வரும். ஒருவரும் எங்களிடம் விதை கேட்டதில்லை. விதை போட்டால் எந்த மாதிரி காய் வருமோ தெரியாது. போத்து நட்டால் இதே காய் வரும் என்று அத்தனை பேருக்கும் தெரியும். அந்த அத்தைகள் எல்லாரும் குளோன் செய்தவர்கள்தான்.

போத்து. மரத்தின் கிளை, நடுவதற்கென்று வெட்டிய கொம்பு. முருங்கைப் போத்து, கிளுவைப் போத்து, பூவரசம் போத்து. கிரேக்கன் எந்தப் பொருளில் குளோன் என்றானோ, வெப்பர் எந்தப் பொருளில் எடுத்தாரோ, அதே பொருளில் நம் கொல்லையில் கிடக்கிற சொல். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கரும்புக்குக் கரணை என்கிறோம், வாழைக்குப் பக்கக்கன்று என்கிறோம், மல்லிகைக்குப் பதியன் என்கிறோம். எல்லாம் அதே வேலைதான். அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் விவசாயியின் வயலில் நிற்பது ஒரே கரும்பின் ஆயிரமாயிரம் துண்டு. மாறாக, புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்தரி விதையில் வருவது. கத்தரி பிள்ளை, கரும்பு போத்து. விதைக்கும் போத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம் ஊர்க் களத்துமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 'வாழையடி வாழை' என்று கல்யாணப் பத்திரிகையில் போடுகிறோமே, உண்மையில் அது பிள்ளை பேரனைச் சொல்ல வந்த உவமையாக இருந்தாலும், வாழையைப் பொறுத்தவரை அது குளோன்தான். தாயும் கன்றும் ஒன்றே.

போத்து என்ற சொல் வேறு பொருளிலும் வருமே என்று கேட்பார்கள். வரும். தொல்காப்பிய மரபியலில் எருமை, புலி முதலியவற்றின் ஆணுக்குப் போத்து என்ற பெயர் உண்டு. இன்று அந்தப் பொருளில் யார் பேசுகிறார்கள்? பேசினாலும் நட்டம் இல்லை. 2009-இல் ஹரியானாவின் கர்னாலில் எருமைக் கன்றையே குளோன் செய்துவிட்டார்கள், சொல் அந்தத் தொழுவத்துக்கும் பழக்கப்பட்டதுதான். ஆளைக் குறிக்கப் போத்து என்று மட்டும் சொன்னால் மரியாதைக் குறைவாகத் தோன்றினால், போத்தாள் என்று வையுங்கள். வேலையாள், எதிராள் மாதிரி. செய்கிற வித்தைக்குப் போத்தெடுத்தல். நாக்கு ஓர் இடத்திலும் தடுக்கவில்லை.

ஒரு எல்லையும் சொல்லிவிடுகிறேன். உருவம் மாற்றி வருகிறவன் போத்தாள் இல்லை. சுயம்வரத்தில் நளனைப் போலவே நான்கு தேவர்கள் வந்து உட்கார்ந்தார்களே, அவர்கள் உருமாறிகள். கண் இமைக்கவில்லை, கால் தரையில் படவில்லை, மாலை வாடவில்லை என்று தமயந்தி கண்டுபிடித்தாள். போத்தாளாக இருந்திருந்தால் கண் இமைத்திருக்கும், கால் பட்டிருக்கும், மாலையும் வாடியிருக்கும். அவளுக்கு வழியே இருந்திருக்காது. இயந்திரத்தை ஆளாக்கி அனுப்பினால் அது ரோபோ. ஒருவர் இடத்தில் இன்னொருவரை வைக்கிற செயலுக்கு ஆள்மாறாட்டம் என்று பரீட்சை ஹால் முதல் கோர்ட்டு வரை புழங்கும் அழகான சொல் இருக்கிறது. 'போத்தாட்களை வைத்து ஆள்மாறாட்டம்': அந்தக் கார்ட்டூன் கதை முழுவதும் இந்த மூன்று சொல்லில் அடங்கிவிடுகிறது.

மொழிபெயர்க்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. கூலி குறைவு, அவகாசம் இல்லை என்பதெல்லாம் தெரியும். ஆனால் ஒரே கதையில் ஒரே பொருளுக்கு மூன்று சொல் போடுவது அவகாசக் குறைவால் வருவதில்லை. ஒரு முறைகூட நின்று, இது என்ன பொருள் என்று யோசிக்காததால் வருகிறது. அகராதியைப் பார்க்கிறார்கள், கம்ப்யூட்டரைக் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கொல்லையைப் பார்ப்பதில்லை. "ஓ என் கடவுளே", "நாம் இதைச் செய்தாக வேண்டும் மக்களே" என்று எந்த ஊரிலும் யாரும் பேசாத தமிழை ஞாயிறுதோறும் பிள்ளைகள் காதில் ஊற்றுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் பள்ளியில் "அவன் என்னைக் கேலி செய்துகொண்டிருக்கிறான் மிஸ்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளை "கிண்டல் பண்றாம் பாருங்க மிஸ்" என்றல்லவா சொல்லும்?

அன்றைக்கு அக்கா மகனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "அவனுங்க போலி இல்லடா, அந்த ஹீரோவுங்களோட போத்து" என்று மட்டும் சொன்னேன். முருங்கைப் போத்து அவனுக்குத் தெரியும், அக்கா வீட்டு வாசலில் நிற்பது எங்கள் கொல்லை மரத்துப் போத்துதான். கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தபடி இருந்தான். ஒரே போத்து வேற வேற மண்ணுல வெச்சா காய் ருசி மாறும்னு தாத்தா சொல்வாரே, அதான் இவனுங்க கெட்டவனா வளந்துட்டானுங்களா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

"அப்போ இவனுங்கள எங்க நட்டு வெச்சிருந்தான் மாமா?"