அடிக்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?

"எங்க வீட்ல யாரும் கை நீட்டுற பழக்கமே கிடையாது மேடம். இவனுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல."

ஒன்பதாம் வகுப்புப் பையனின் அப்பா இப்படித்தான் ஆரம்பித்தார். பள்ளி வேனில் கூட வரும் ஏழாம் வகுப்புப் பையனைக் கன்னத்தில் அறைந்துவிட்டான் என்று ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பையன் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சென்னையில் வளரிளம் பிள்ளைகளுக்கான உளவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். அடித்துவிட்டு வரும் பிள்ளைகளிடம் "ஏன் அடிச்ச?" என்று நான் முதலில் கேட்பதில்லை. அதை ஏற்கெனவே பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். "சும்மாதான்", "அவன்தான் ஆரம்பிச்சான்" என்ற பதில்கள் தயாராக இருக்கும். அடிப்பதற்கு முன்னால் நீ என்ன சொன்னாய், அப்போது பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று இரண்டு கேள்விகளைத்தான் கேட்பேன்.

முதல் கேள்விக்கு அவன் சொன்னான்: "'என்னா மொறைக்கிற? நான் யார்னு தெரியுமா?'ன்னு கேட்டேன்."

அம்மா சட்டென்று நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். "அது நீங்க சொல்றதுங்க" என்றார் மெதுவாக.

அந்த அப்பா பொய் சொல்லவில்லை. வீட்டில் அவர் யாரையும் அடித்ததே இல்லை. ஆனால் ட்யூஷன் முடிந்து மகனை பைக்கில் அழைத்துவரும்போது, புரசைவாக்கம் நெரிசலில் குறுக்கே வண்டியை விடுகிறவர்களிடம் அதே வார்த்தைகளைத்தான் சொல்லுவார். எதிராளி பெரும்பாலும் முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார். பின்சீட்டிலிருந்து பல வருடங்களாகப் பார்த்துவந்த மகன், அந்த வாக்கியத்தை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. இப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவர் அடங்கிவிடுவார் என்பதையும் சேர்த்துத்தான் கற்றுக்கொண்டான்.

1961-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய சகாக்களும் 72 சிறு குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைக் குத்துவதையும் சுத்தியலால் அடிப்பதையும் ஒரு பகுதிக் குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு அவர்களைப் பொம்மையோடு விட்டபோது, பலர் அடித்த விதத்தோடு அடிக்கும்போது சொன்ன வார்த்தைகளையும் அப்படியே திருப்பிச் சொன்னார்கள். அந்தக் குழந்தைகளை யாரும் அடிக்கவில்லை. பார்த்ததே போதுமானதாக இருந்தது. பெற்றோர் "நாங்க அடிச்சதே இல்லையே" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொம்மை ஞாபகம் வரும்.

கை நீட்டுவது மட்டும்தான் வன்முறை என்று நினைத்துக்கொள்வதும் ஒரு பிரச்சினை. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தன் தோழிகளில் ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டுப் புதிதாக ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினாள். விடப்பட்ட பெண்ணோடு யாரும் பேசக் கூடாது, மதிய சாப்பாட்டுக்குக் கூட உட்காரக் கூடாது என்று ஏற்பாடு. மூன்று வாரம் இது நடந்தது. அந்தப் பெண் பள்ளிக்கே போக மாட்டேன் என்று அழுத பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தொடங்கியவளிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "எங்கம்மா சித்திகூடப் பேசி ஒரு வருஷம் ஆகுது" என்று சாதாரணமாகச் சொன்னாள். நம் வீடுகளில் பேசாமல் இருப்பது பழகிப்போன தண்டனை. கணவன் மனைவிக்குள், மாமியார் மருமகளுக்குள், பெற்ற பிள்ளையிடம்கூட. மூஞ்சைத் தூக்கி வைத்துக்கொண்டு நான்கு நாள் நடமாடுவதைக் கோபம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பிள்ளைகள் அதை ஒருவரை வழிக்குக் கொண்டுவரும் முறையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, வேனுக்கு வருவோம். பக்கத்தில் யார் இருந்தார்கள்?

"எங்க கேங் இருந்துச்சு மேடம். நாலு பேரு."

"அறைஞ்சதும் அவங்க என்ன பண்ணாங்க?"

"சிரிச்சாங்க. ஒருத்தன் 'செம கெத்துடா'ன்னான்."

அப்பாவிடமிருந்து வார்த்தைகள் வந்தன. அடி விழுந்ததற்கு அந்த நாலு பேரின் சிரிப்பும் ஒரு காரணம். அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் தாமஸ் டிஷியன் என்ற உளவியலாளர் இளம்பருவ நண்பர்கள் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து ஆராய்ந்தார். தப்பான காரியங்களைப் பற்றிப் பேசும்போது எந்த நண்பர்களிடையே சிரிப்பு எழுந்ததோ, அந்தப் பையன்களிடம்தான் பின்னாளில் அத்தகைய நடத்தை கூடியது. சிரிப்பு அங்கே ஒரு பரிசு. பேருந்தில் படிக்கட்டில் தொங்குவதும், "ரூட் தல" (அந்த பஸ் ரூட்டில் வரும் மாணவர்களுக்குத் தலைவன்) என்று ஒருவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவதும் பார்க்க ஆள் இல்லாவிட்டால் நடக்குமா? தனியாகப் பயணம் செய்யும்போது அதே பையன் சீட் கிடைத்தால் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வருவான்.

2005-இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டெயின்பெர்க் இருவரும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்து இதைச் சோதித்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, தனியாக ஆடியதைவிட மிக அதிகமான ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. நிறுத்தி நிதானித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. நண்பனின் பார்வை தரும் உற்சாகமோ பதின்பருவத்திலேயே முழு வேகத்தில் இருக்கிறது.

இதைச் சொன்னால் உடனே பெற்றோர் கேட்பது: "அப்போ அந்தப் பசங்களோட சேர விடாம பண்ணிடலாமா?" வேண்டாம். நண்பர்களை வெட்டிவிட்டால் சந்திப்பு ஒளிந்து நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதைவிட முக்கியமான காரணம், நல்லதும் அதே வழியில்தான் வருகிறது என்பது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன நாட்களில், பள்ளிக்கரணையில் இருக்கும் ஒரு அம்மா என்னிடம் ஆச்சரியப்பட்டுச் சொன்னார். சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத மகன், இடுப்பளவு தண்ணீரில் நண்பர்களோடு போய் பால் பாக்கெட்டும் தண்ணீர் கேனும் கொடுத்துவிட்டு வந்தானாம். "நான் சொன்னா ஒரு வேலை செய்ய மாட்டான் மேடம்." ஆமாம், நண்பன் கூப்பிட்டான், போனான். 2015 வெள்ளத்திலும் இதைத்தான் பார்த்தேன். படிக்கட்டில் தொங்க வைக்கும் அதே உந்துதல்தான் அவனைத் தண்ணீரிலும் இறக்கியது. அந்தக் கூட்டத்தில் எதற்கு மதிப்பு என்பதுதான் மாறியிருந்தது.

அதனால் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது, அந்த நாலு பேரையும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள் என்றுதான். தோசை ஊற்றிக் கொடுங்கள். பெயர் தெரியட்டும், யார் வீட்டில் என்ன நிலைமை என்று தெரியட்டும். போனைப் பிடுங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட இது நல்லது. ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற ஆய்வாளர்கள் 2000-இல் ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்தார்கள். பெற்றோருக்குத் தெரிந்திருந்த விஷயங்களில் பெரும்பங்கு கண்காணித்துக் கண்டுபிடித்தது கிடையாது, பிள்ளைகள் தாங்களாகவே வந்து சொன்னதுதான். வீட்டில் சொன்னால் திட்டு விழாது, காது கொடுத்துக் கேட்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பிள்ளை சொல்லும்.

தப்பு செய்துவிட்டால் "உன்னால எங்க மானம் போச்சு" என்று ஆரம்பிக்காதீர்கள். அதில் அடிபட்ட பிள்ளை எங்கேயும் இல்லை. "அவன் அன்னிக்கு வீட்டுக்குப் போய் என்ன பண்ணியிருப்பான்? மறுநாள் வேன் ஏறும்போது அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேள்வி உள்ளே போயிருக்கும். அப்புறம், அப்பாக்களுக்கு ஒன்று: தெருவில் கத்திவிட்டால், வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் "நான் பேசினது தப்பு" என்று சொல்லிவிடுங்கள். பெரியவர் தப்பை ஒத்துக்கொள்வதையும் பிள்ளை பார்க்க வேண்டும்.

பிள்ளையின் கோபம் கையை மீறிப் போனாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் அரசின் "நட்புடன் உங்களோடு" மனநல சேவை இருக்கிறது. அடி வாங்கும் பிள்ளைகளுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

அந்த நாலு பேரில் "செம கெத்துடா" என்று சொன்னவனை, அவன் பெற்றோரின் சம்மதத்தோடு ஒரு நாள் சந்தித்தேன். வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "எனக்குப் பயமா இருந்துச்சு மேடம். சிரிக்கலன்னா அடுத்து என்னை ஓட்டுவாங்கன்னு சிரிச்சேன்." மற்ற மூவரும் ரசித்துத்தான் சிரித்தார்கள் என்று அவன் நினைத்திருந்தான். அந்த மூவரில் எத்தனை பேர் இவனைப் போலவே பயந்து சிரித்தார்களோ.

டொராண்டோவில் பள்ளி மைதானங்களில் கேமரா வைத்து எடுத்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளியானது. கூட இருந்த பிள்ளைகளில் ஒருவர் தலையிட்ட சம்பவங்களில் பாதிக்கு மேல், பத்தே விநாடிகளில் சீண்டல் நின்றுபோனது. அவர்களெல்லாம் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள். இதை அவனிடம் சொன்னேன். "'வுட்ரா'ன்னு சொன்னா போதுமா?" என்று கேட்டான். போதும் என்றேன்.

வேனில் இப்போது அந்த ஏழாம் வகுப்புப் பையன் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறானாம். அறைந்தவன் மன்னிப்புக் கேட்டுவிட்டான். சின்னவன் இன்னும் அவனோடு பேசுவதில்லை. அவனை வற்புறுத்த வேண்டாம் என்று இரண்டு வீட்டாரிடமும் சொல்லியிருக்கிறேன்.